நர்ஸ் பிராக்டிஷனர் ஷெட்யூல் 2 மருந்து எழுதலாமா? வாஷிங்டனில் எழுதினார், டெக்சாஸில் முடியாது என்கிறார்கள்

தென்றல்:
எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலை மாறியதால் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் பக்கத்திலிருந்து டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவுக்கு வந்துவிட்டோம். மகனுக்கு ஒன்பது வயது, ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல் கோளாறு) இருக்கிறது. தினமும் காலையில் ஒரு கான்செர்டா மாத்திரை. அங்கே முதலிலிருந்தே அவனைப் பார்த்ததும் மருந்து எழுதியதும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்தான், அதாவது மேற்படிப்பு முடித்து நோயாளிகளைத் தானே பார்க்கும் நர்ஸ். டாக்டர் யாரையும் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

இங்கேயும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. பழைய ரிப்போர்ட்டையெல்லாம் பொறுமையாகப் படித்தார், பையனிடம் நன்றாகப் பேசினார். கடைசியில், "இந்த மருந்தை நான் எழுத முடியாது" என்று சொல்லிவிட்டார். ரிசப்ஷனில் கேட்டால் கிளினிக் விதி என்கிறார்கள். டாக்டரைப் பார்க்க ஆறு வாரம் ஆகுமாம். கையில் இருக்கும் மாத்திரை அடுத்த வாரத்தோடு தீர்ந்துவிடும்.

இது கிளினிக் விதியா, சட்டமா? சியாட்டில் நர்ஸ் பிராக்டிஷனரே இங்குள்ள பார்மசிக்கு அனுப்ப முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

பிளேனோ ராஜா:
அது அந்தக் கிளினிக்காரர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். பிளேனோவில் என் மனைவிக்கு நர்ஸ் பிராக்டிஷனர்தான் பதற்றத்துக்கான அல்பிரசோலம் எழுதுகிறார். அதுவும் கட்டுப்பாட்டு மருந்துதானே? வேறு கிளினிக் பாருங்கள்.

ஹூஸ்டன் மருந்தாளர்:
ராஜா, அவசரப்படாதீர்கள். தென்றல் சகோதரி, இது கிளினிக் விதி இல்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டம். அந்த நர்ஸ் பிராக்டிஷனர் உண்மையைத்தான் சொன்னார், ரிசப்ஷனில் சொன்னதுதான் குழப்பம். நான் இங்கே பார்மசிஸ்ட். வாரத்தில் ஒரு குடும்பமாவது கவுன்ட்டரில் நின்று இதையே கேட்கிறது. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

1970-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய இந்தக் கட்டுப்பாட்டு மருந்துகளை ஐந்து ஷெட்யூலாக, அதாவது பட்டியலாக, பிரிக்கிறது. முதல் ஷெட்யூலில் இருப்பதை யாரும் எழுத முடியாது. இரண்டாவதில் மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில், அப்புறம் ஏ.டி.எச்.டி. மருந்துகளான மீத்தைல்ஃபெனிடேட், அட்டரால். கான்செர்டா என்பது மீத்தைல்ஃபெனிடேட்தான். மூன்றாவதில் புப்ரெனார்ஃபின், டெஸ்டோஸ்டிரோன். நான்காவதில் அல்பிரசோலம், க்ளோனாசெபம், டிராமடால், சோல்பிடெம். ஐந்தாவதில் பிரிகாபாலின் மாதிரி சில.

எந்த மருந்து எந்த ஷெட்யூல் என்பதுதான் மத்திய அரசின் வேலை. யார் எழுதலாம் என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. மாநிலம் அனுமதி தந்தால்தான் டி.ஈ.ஏ. (மத்திய அரசின் போதைமருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) பதிவு எண் கிடைக்கும், அதுவும் மாநிலம் அனுமதித்த ஷெட்யூல்களுக்கு மட்டும். அதே படிப்பு, அதே தேர்வு, அதே ஆள். வாஷிங்டனில் நர்ஸ் பிராக்டிஷனர் இரண்டு முதல் ஐந்து வரை எல்லாவற்றையும் தன் பொறுப்பிலேயே எழுதலாம். டெக்சாஸில் ஒரு டாக்டரோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போட்டு, அவர் ஒப்படைத்த அதிகாரத்தில்தான் எழுத முடியும். அதிலும் மூன்று, நான்கு, ஐந்து மட்டும். ரீஃபிலையும் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) சேர்த்து 90 நாளுக்கு மேல் கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கலந்து பேசியிருக்க வேண்டும். பி.ஏ. எனப்படும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்டுகளுக்கும் இதே விதிதான்.

ஷெட்யூல் 2 என்றால் மருத்துவமனையில் சேர்ந்திருப்பவர்கள், எமர்ஜென்சிக்கு வந்தவர்கள், ஹாஸ்பிஸ் எனும் இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும்தான் இவர்கள் எழுதலாம். சாதாரண கிளினிக்கில் முடியாது. ராஜா, உங்கள் மனைவியின் அல்பிரசோலம் ஷெட்யூல் 4. அதனால்தான் பிரச்சினை வரவில்லை.

சியாட்டிலிலிருந்து அனுப்பச் சொல்லாதீர்கள். நோயாளி எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலத்து லைசென்ஸ் வேண்டும் என்பதுதான் கணக்கு. பையன் இப்போது டெக்சாஸில் இருக்கிறான். அவர் அனுப்பினால் நான் நிரப்ப மாட்டேன், அவர் லைசென்ஸுக்கும் சிக்கல் வரும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நர்ஸ் பிராக்டிஷனருக்கு ஒப்பந்தம் போட்ட டாக்டர் ஒருவர் கட்டாயம் இருக்கிறார். நாளைக் காலை ஃபோன் செய்து, "ஏற்கனவே நிலையான டோஸில் இருக்கும் குழந்தை, மருந்து தீரப்போகிறது, உங்கள் டாக்டர் இந்த வாரத்தில் பத்து நிமிடம் பார்த்து எழுத முடியுமா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பீடியாட்ரிஷன். சைக்கியாட்ரிஸ்ட்தான் வேண்டும் என்றில்லை, குழந்தைகள் டாக்டரே எழுதலாம். ஃபோனில் "ஏ.டி.எச்.டி. பார்ப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், போன பிறகு இதே கதைதான் நடக்கும். "எம்.டி. அல்லது டி.ஓ. ஒருவர் ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஷெட்யூல் 2 எழுதுவாரா, முதல் விசிட்டிலேயே எழுதுவாரா?" என்று கேளுங்கள். இரண்டும் டாக்டர் பட்டங்கள்தான், டி.ஓ.வுக்கும் எம்.டி.க்கும் மருந்து எழுதும் அதிகாரத்தில் வித்தியாசம் இல்லை.

தென்றல்:
மிக்க நன்றி அண்ணா. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, பையனின் பள்ளியில் ஒரு சைக்காலஜிஸ்டின் பெயரைக் கொடுத்தார்கள். அவர் எழுதித் தருவாரா?

கரிசல்காட்டான்:
டெக்சாஸில் மாட்டார். சைக்காலஜிஸ்டுகள் மருந்து எழுதும் மாநிலங்கள் கொஞ்சம்தான். நியூ மெக்சிகோ 2002-ல் தொடங்கியது, லூயிசியானா 2004, இல்லினாய் 2014, அப்புறம் அயோவா, ஐடஹோ, கொலராடோ, யூட்டா. அங்கேயும் தனிப் படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும். உங்கள் பையனுக்கு டெஸ்ட் செய்து ரிப்போர்ட் தர சைக்காலஜிஸ்ட் உதவுவார். அந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் எழுதுவார்.

மதுரை செவிலி, பீனிக்ஸ்:
நான் அரிசோனாவில் நர்ஸ் பிராக்டிஷனர். இங்கே எங்களுக்கு டாக்டர் ஒப்பந்தம் தேவையில்லை. ஷெட்யூல் 2 எழுதுகிறோம். மருந்தாளர் அண்ணா சொன்ன சட்டம் சரி. ஆனால் அந்தச் சட்டம் நியாயம்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் ஒருவர் வந்தார். எலும்புக்குப் பரவிய புற்றுநோய். இன்னும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதால் ஹாஸ்பிஸில் சேரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மார்ஃபின் மாத்திரை மறுநாள் காலையோடு தீர்கிறது. கட்டுப்பாட்டு மருந்துச் சீட்டுகளுக்கான மாநிலத்தின் கண்காணிப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன், முந்தைய சீட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் பற்றிக் கேட்டேன், நலாக்சோன் (மார்ஃபின் அளவு மீறினால் காப்பாற்றும் மாற்று மருந்து) வீட்டில் இருக்கிறதா என்று அவர் மனைவியிடம் உறுதி செய்துகொண்டேன். ஃபோனில் குறியீட்டை அழுத்திச் சீட்டை அனுப்பினேன். அவர் வீடு போய்ச் சேருமுன் பார்மசியில் தயார். இதே நான், இதே நோயாளி, டெக்சாஸ் கிளினிக் என்றால் அவரை எமர்ஜென்சிக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவைப் பாருங்கள். 2017 ஜனவரி 1 வரை அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் எந்தக் கட்டுப்பாட்டு மருந்தையும் எழுத முடியாது. தூக்க மாத்திரைகூட எழுத முடியாது. அதன்பிறகு அனுமதித்தார்கள், ஆனால் ஷெட்யூல் 2 ஏழு நாளுக்கு மட்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டுப்பாட்டு மனநல மருந்து என்றால் மனநல நர்ஸ் மட்டுமே எழுதலாம். எங்கள் அறிவு 2016 டிசம்பரில் ஒன்றும் ஜனவரியில் இன்னொன்றுமாக இல்லை. முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் எங்களுக்கு முழு அதிகாரம் தந்த 2016 விதியில்கூட, கட்டுப்பாட்டு மருந்தை மட்டும் அவரவர் மாநில லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஒஹாயோ டாக்டர்:
மதுரை செவிலி அம்மா, அந்தப் புற்றுநோய் நோயாளிக்கு நீங்கள் செய்தது சரியான மருத்துவம். அதில் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். ஆனால் ஏழாண்டு, எட்டாண்டு பயிற்சிக்குப் பிறகு நாங்கள் எழுதுவதையும் இதையும் ஒன்றாக வைப்பதை நான் ஏற்கவில்லை. நான் குழந்தைகள் மனநல மருத்துவன். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் நேரடியாக நோயாளி பார்க்க வேண்டிய நேரம் குறைந்தபட்சம் 500 மணி என்று இருந்தது, 2022-ல்தான் அதை 750 ஆக்கினார்கள். டாக்டர் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் எடுக்கும் ரெசிடென்சி பயிற்சியில் முதல் சில மாதங்களிலேயே அது முடிந்துவிடும். பல வருட வார்டு அனுபவத்துக்குப் பிறகு படிக்க வரும் உங்களைப் போன்றவர்களை நான் சொல்லவில்லை. நர்ஸ் வேலையே பார்க்காமல் நேராக இந்தப் படிப்புக்கு வருகிறவர்களும் அதே லைசென்ஸைத்தான் வாங்குகிறார்கள். சட்டத்துக்கு இரண்டு பேரும் ஒன்று.

கான்செர்டா, அட்டரால் போன்ற ஸ்டிமுலன்ட் மருந்தை ஒரு குழந்தைக்கு ஆரம்பிக்கும்போது குடும்பத்தில் சிறு வயதில் இதய நோயால் இறந்தவர்கள் உண்டா என்று கேட்க வேண்டும். ரத்த அழுத்தம், எடை, உயரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். கவனச்சிதறல் போலத் தெரிவது தூக்கக் குறைவா, பதற்றமா, வீட்டுப் பிரச்சினையா என்று பிரித்தறிய வேண்டும். கோவிட் காலத்தில் நேரில் பார்க்காமலே எழுதலாம் என்று தளர்த்தியபோது, சில ஆன்லைன் நிறுவனங்கள் அரை மணி நேர வீடியோ பேச்சில் அட்டரால் எழுதின. அப்படி ஒரு நிறுவனத்தின் தலைவரை 2024 ஜூனில் கைது செய்தார்கள். அங்கே எழுதியவர்களில் நிறைய பேர் நர்ஸ் பிராக்டிஷனர்கள்.

மதுரை செவிலி, பீனிக்ஸ்:
டாக்டர் சார், அந்த நிறுவனங்களில் டாக்டர்களும்தான் எழுதினார்கள். 2010 வாக்கில் ஃப்ளோரிடாவில் தெருவுக்குத் தெரு நடந்த வலி கிளினிக்குகளில் ஆக்சிகோடோனை அள்ளி எழுதியவர்கள் எல்லோரும் டாக்டர்கள்தான். அந்தக் காலத்தில் அங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்கு எழுதும் அதிகாரமே கிடையாது. தவறாக எழுதுகிறவரைப் பிடிக்கத்தான் பதிவேடு இருக்கிறது, லைசென்ஸ் போர்டு இருக்கிறது. பட்டத்தின் பெயரை வைத்துத் தடுப்பதால் அது நிற்காது.

பயிற்சி நேரம் பற்றிச் சொன்னதில் ஒரு பகுதியை ஒத்துக்கொள்கிறேன். நியூயார்க் மாதிரி, முதல் 3,600 மணி நேரம் டாக்டரோடு ஒப்பந்தத்தில் வேலை, அப்புறம் சுதந்திரம் என்று வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. டெக்சாஸில் இருபது வருடம் வேலை பார்த்தாலும் முதல் நாள் நிலைதான்.

ஒஹாயோ டாக்டர்:
ஃப்ளோரிடா பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அனுபவ நேரத்தை வைத்து அதிகாரம் தருவதில் எனக்கும் உடன்பாடுதான். குழந்தைகளுக்கு முதல் முறை ஸ்டிமுலன்ட் ஆரம்பிப்பதை மட்டும் டாக்டரிடம் விடுங்கள், ஏற்கனவே நிலையான டோஸில் இருப்பவர்களுக்குத் தொடர்வதை நர்ஸ் பிராக்டிஷனர் செய்யட்டும் என்பேன். தென்றல் அம்மாவின் பையன் இந்த இரண்டாவது வகை. அவனை ஆறு வாரம் காக்கவைப்பதில் எந்த மருத்துவ நியாயமும் இல்லை.

தென்றல் அம்மா, ஒரு விஷயம் நிம்மதிக்காக. மீத்தைல்ஃபெனிடேட் சில நாள் விட்டுப்போனால் படிப்பும் கவனமும் பாதிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. அல்பிரசோலம், க்ளோனாசெபம் அப்படி இல்லை. தினமும் எடுப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைப் படிக்கும் மற்றவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி:
டாக்டர் சொன்னதைப் பார்த்ததும் பயமாக இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து அப்பா நியூ ஜெர்சிக்கு எங்களிடம் வந்திருக்கிறார். ராத்திரி க்ளோனாசெபம், கால் எரிச்சலுக்கு பிரிகாபாலின். பயணத்தை இரண்டு மாதம் நீட்டித்ததால் மாத்திரை தீரப்போகிறது. ஊர் டாக்டரின் சீட்டை பார்மசியில் காட்டினோம், வாங்கவே இல்லை. மேரிலாண்டில் என் பெரியப்பா மகன் டாக்டர். அவரை எழுதச் சொல்லலாமா? இல்லை, ஊரிலிருந்து வரும் என் தம்பியிடம் வாங்கிவரச் சொல்லலாமா?

ஹூஸ்டன் மருந்தாளர்:
ஊர்ச் சீட்டு இங்கே செல்லாது. நம்மூரில் சாதாரணமாக வாங்குகிற பிரிகாபாலினும் இங்கே ஷெட்யூல் 5, க்ளோனாசெபம் ஷெட்யூல் 4. டி.ஈ.ஏ. எண் உள்ள, அந்த மாநிலத்து லைசென்ஸ் உள்ள ஒருவர் எழுதினால்தான் கொடுக்க முடியும்.

பெரியப்பா மகனைக் கேட்காதீர்கள். மேரிலாண்டில் லைசென்ஸ், நோயாளி நியூ ஜெர்சியில், அதோடு சொந்தக்காரர். அவசரம் தவிர சொந்தக்காரர்களுக்குச் சிகிச்சை பார்க்கக் கூடாது என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறி. கட்டுப்பாட்டு மருந்து என்றால் லைசென்ஸ் போர்டுகள் இன்னும் கடுமை.

தம்பி கொண்டுவருவதும் வேண்டாம். ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கான மருந்தை, அதன் அசல் பெட்டியிலேயே, சுங்கத்தில் சொல்லிக் கொண்டுவரலாம். இன்னொருவர் பெயரிலுள்ள கட்டுப்பாட்டு மருந்தைச் சுமந்து வருவது வேறு கதை. இங்கே வசிப்பவர்களுக்கு இன்னொரு வரம்பும் இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய கட்டுப்பாட்டு மருந்து எல்லாம் சேர்த்து 50 மாத்திரைக்கு மேல் கொண்டுவர முடியாது.

நியூ ஜெர்சியில் நர்ஸ் பிராக்டிஷனரே இவற்றை எழுதலாம். பக்கத்தில் இன்டர்னல் மெடிசின் கிளினிக் பாருங்கள். அர்ஜென்ட் கேர் போனால் க்ளோனாசெபத்தை எழுதத் தயங்குவார்கள். ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், எத்தனை வருடமாக, எத்தனை மில்லிகிராம். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். அட்டையில் இருக்கும் நம்மூர் பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் புரியாது, அடியிலிருக்கும் மருந்தின் பெயரைக் காட்டுங்கள்.

எடிசன்வாசி:
ரொம்ப நன்றி. இன்று சாயங்காலமே அப்பாயின்ட்மென்ட் பார்க்கிறேன்.

தென்றல்:
அண்ணா சொன்ன மாதிரியே கேட்டேன். கிளினிக்கின் டாக்டர் வியாழக்கிழமை மதியம் பார்க்க ஒத்துக்கொண்டார்! ஃபோன் எடுத்த பெண் முதலில் ஆறு வாரம் என்றுதான் சொன்னார். "நிலையான டோஸ், தீரப்போகிறது" என்று சொன்ன பிறகுதான் உள்ளே கேட்டுவிட்டு வந்தார். மருந்து எழுதினால் மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தருவாரா? கடையில் ஸ்டாக் இல்லை என்றால் என்ன செய்வது? சியாட்டிலில் இரண்டு முறை அப்படி ஆனது.

ஹூஸ்டன் மருந்தாளர்:
நல்ல செய்தி. ஷெட்யூல் 2-க்கு ரீஃபில் கிடையாது. ஆனால் டாக்டர் ஒரே நாளில் மூன்று தனித்தனிச் சீட்டு எழுதலாம், ஒவ்வொன்றிலும் எந்தத் தேதிக்குப் பிறகு நிரப்ப வேண்டும் என்று குறித்து, மொத்தம் 90 நாளுக்கு. 2007-லிருந்தே இது அனுமதி. முதல் தடவையே தருவாரா என்பது அவர் விருப்பம்.

டெக்சாஸில் கட்டுப்பாட்டு மருந்துச் சீட்டு மின்னணு முறையில்தான் போக வேண்டும். எனவே டாக்டர் அறையிலிருந்து வெளியே வருமுன் கடைக்கு ஃபோன் செய்து அந்த மில்லிகிராம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருக்கும் கடைக்கே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய பிறகு இல்லை என்றால், முன்பு டாக்டரிடம் திரும்பப் போய் ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டும். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து இன்னும் நிரப்பாத மின்னணுச் சீட்டை ஒரு கடை இன்னொரு கடைக்கு ஒரே ஒரு முறை மாற்றலாம். நிறைய கடைகளில் வேலை செய்பவர்களுக்கே இது தெரியாது, நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. அட்டோமாக்சிடின், குவான்ஃபசின் போன்றவை கட்டுப்பாட்டு மருந்து இல்லை, நர்ஸ் பிராக்டிஷனரே எழுதலாம். அதற்காக, நன்றாக வேலை செய்கிற மருந்தைச் சட்டத்தின் வசதிக்காக மாற்ற வேண்டாம். யாராவது அப்படிச் சொன்னால் மருத்துவக் காரணம் என்ன என்று கேளுங்கள்.

கரிசல்காட்டான்:
மாநிலம் மாறப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தின் பட்டியலும் மாறும். கேபாபென்டின் மத்திய அரசின் பட்டியலில் இல்லை, ஆனால் கென்டக்கி 2017-லேயே அதை ஷெட்யூல் 5-ல் சேர்த்துவிட்டது. ஊரில் வீடு பார்ப்பதற்கு முன் மருந்து யார் எழுதுவார்கள் என்று பாருங்கள்.

பெயர் வேண்டாம்:
நானும் டெக்சாஸ்தான். என் தம்பிக்கு முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரைப் பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் புப்ரெனார்ஃபின் ஆரம்பிக்கலாமா என்று அவனே கேட்கிறான். இதற்குத் தனி லைசென்ஸ் உள்ள டாக்டர்தான் வேண்டும், பெரிய லிஸ்ட் இருக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டோம். நர்ஸ் பிராக்டிஷனர் எழுத முடியாது என்றுதான் இந்த இழையைப் படித்துப் புரிந்துகொண்டேன். சரியா?

ஹூஸ்டன் மருந்தாளர்:
இல்லை, எழுதலாம். புப்ரெனார்ஃபின் ஷெட்யூல் 3. டெக்சாஸில் டாக்டர் ஒப்பந்தத்தில் இருக்கும் நர்ஸ் பிராக்டிஷனர், பி.ஏ. இருவருமே சாதாரண கிளினிக்கிலேயே எழுதலாம். நீங்கள் கேள்விப்பட்ட தனி அனுமதி 2000-ல் வந்த சட்டப்படி இருந்தது. 2022 டிசம்பர் கடைசியில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது ஷெட்யூல் 3 எழுதும் டி.ஈ.ஏ. எண் இருந்தால் போதும். இதே சிகிச்சைக்கு மெத்தடோன் என்றால் மட்டும் தனி மையத்துக்குத்தான் போக வேண்டும், பார்மசியில் தர முடியாது.

ஒஹாயோ டாக்டர்:
தம்பி தானாகவே கேட்கிறான் என்பது பெரிய விஷயம், அந்த மனநிலை இருக்கும்போதே அழைத்துப் போங்கள். கடைசியாக எடுத்த வலி மாத்திரைக்கும் முதல் புப்ரெனார்ஃபினுக்கும் இடைவெளி வேண்டும், அதை மருந்து எழுதுகிறவர் சொல்வார், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்கே பார்மசியில் நலாக்சோன் ஸ்பிரே வாங்கி வீட்டில் வையுங்கள், அதற்குச் சீட்டு வேண்டாம். காலையில் கிளினிக்குக்கு ஃபோன் செய்யும்போது "புப்ரெனார்ஃபின் ஆரம்பிப்பீர்களா?" என்று மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.